கட்டுமரத்தின் பேரனும் இறுகிப்போன கப்பியும்

ட்ரைமரன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நடுவில் ஒரு பெரிய உடல், இரு பக்கமும் இரண்டு மெல்லிய மிதவைகள் என்று மூன்று பகுதிகளோடு ஓடும் பாய்ப்படகுக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லின் பின்பாதி தமிழ்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் மக்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலில் போவதைப் பற்றி எழுதினார். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் கற்றமரன் ஆயிற்று. கட்டுமரம் என்பது சில மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. அதற்கு இரண்டு உடல்கள் கிடையாது. ஆனாலும் பிற்காலத்தில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் இரட்டை உடல் படகுகளுக்கு இந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். 1940களில், உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செச்செட் மூன்று உடல் படகுகளைக் கட்டினார். கற்றமரனின் முன்பாதியை வெட்டிவிட்டு, மூன்று என்று பொருள்படும் 'ட்ரை'யை அங்கே வைத்தார். ஆக, ட்ரைமரன் என்றால் 'மூன்று மரம்'.

இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அவர் வெட்டியெறிந்த பாதி 'கட்டு'. படகின் கதையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி அதுதான். மரம் மிதக்கும், ஆனால் அதைப் படகாக்குவது கட்டு. அந்தக் கட்டு அவிழ்க்கக்கூடியதாகவும் இருந்தது. கடலிலிருந்து திரும்பியதும் மீனவர்கள் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் கரையில் காயவைப்பார்கள். பிறகு மறுபடி கட்டுவார்கள். ஒரு மரம் பழுதானால் அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

இந்தப் பதிவு அந்த அவிழ்க்கும் குணத்தைப் பற்றியது. அதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்வது படகில் உங்கள் கண்ணில் கடைசியாகப் படும் பொருளை: கப்பி.

கப்பி ஏன் இறுகுகிறது?

கப்பியை உங்களில் சிலர் ஊருக்கு விடுமுறைக்குப் போனபோது கிணற்றடியில் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரு கூடு. உள்ளே பள்ளம் வெட்டிய ஒரு சில்லு. சில்லின் நடுவே ஓர் அச்சு. வாளிக் கயிறு பள்ளத்தில் ஓடும். கிணற்றுக் கப்பி நாம் இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். பல சில்லுகளில் கயிற்றை மாறி மாறிச் சுற்றினால் இழுக்கும் பலமும் பெருகும். ஆறு மடிப்பில் கயிறு ஓடினால், கணக்கின்படி ஒருவர் ஆறு பேரின் பலத்தோடு இழுக்கலாம்.

கணக்கின்படி மட்டும்தான். ஒவ்வொரு சில்லும் உராய்வுக்குக் கொஞ்சம் வரி கட்டுகிறது. ஒரு சில்லில் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு சில்லுகளைத் தாண்டும்போது அந்த ஆறு மடங்கு ஏறக்குறைய 4.2 மடங்காகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு போனால் 3 மடங்குகூட மிஞ்சாது. கல்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 0.8, அதன் வர்க்கம், அதன் கனம் என்று ஆறு தடவை கூட்ட வேண்டும். கப்பிகள் கொஞ்சம் தேய்ந்தாலே பாதிப் பலம் காணாமல் போய்விடுகிறது.

ட்ரைமரனில் இது இன்னும் கடுமை. ஓர் உடல் மட்டும் உள்ள படகு பலத்த காற்றில் சரியும். சரியும்போது பாயிலிருந்து காற்று வழிந்து போய்விடும். ட்ரைமரன் அகலமானது, இலேசில் சரியாது. ஆகவே அந்த விசை பாய்க்கும் கயிற்றுக்கும் கப்பிக்கும் இறங்குகிறது. கயிறு முழுதாக வளைந்து திரும்பிப் போகும் கப்பி, கயிற்றில் உள்ள இழுவையைப் போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும்.

சில்லு அடியோடு இறுகிவிட்டால் என்ன ஆகும்? கயிறு உருளாமல் உரசிக்கொண்டு போகும். சில்லின் ஒரே இடம் தேய்ந்து தட்டையாகும், கயிறும் பிசிறும். அதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. திடீர்க் காற்று அடிக்கும்போது பெரிய பாயின் கயிற்றை விட்டுவிடுவதுதான் படகைக் காப்பாற்றும் முதல் வேலை. நீங்கள் கையை விட்டாலும், கப்பி விடாவிட்டால் பாய் இறங்காது. கவிழ்ந்த ட்ரைமரன் தானாக நிமிராது.

ஓர் அகதி கொண்டுவந்த வரைபடம்

இப்போது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மத்துக்கு வாருங்கள். 1545இல் அங்கே மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982இல் அதைத் தூக்கினார்கள். அதன் பொருட்களோடு மரக் கப்பிகளும் கிடைத்தன. அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பிரித்தானியக் கடற்படையின் கப்பிகள் அதே சாயலில்தான் இருந்தன. மாறியது எண்ணிக்கை. 74 பீரங்கிகள் கொண்ட ஒரு கப்பலுக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் கப்பிகள் வேண்டும். நெப்போலியன் காலப் போர்களில் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. 1795இல் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் பிரித்தானியர் பிடித்தபோது வந்து நின்ற கப்பல்களின் பாய்களும் இப்படிப்பட்ட கப்பிகளில்தான் ஏறின.

அந்தக் காலத்தில் கடற்படைக்குக் கப்பி கொடுத்தது சௌதாம்ப்டனின் டெய்லர் குடும்பம். அவர்கள் நல்ல வேலைக்காரர்கள். நீர்ச்சக்கரத்தால் வாள்களை ஓட்டி மரம் அறுத்தார்கள். கூட்டுக்கு எல்ம் மரம். சில்லுக்கு லிக்னம் வைட்டே என்ற கரிபியன் மரம். அது தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. மரத்துக்குள்ளேயே பிசின் எண்ணெய் இருப்பதால் தனக்குத் தானே எண்ணெய் போட்டுக்கொள்ளும். 1950களில் அமெரிக்கா கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்தண்டுக்கும் இந்த மரத்தைத்தான் தாங்கியாக வைத்தார்கள். ஆனால் அது அடிமைமுறை நடந்த தீவுகளிலிருந்து வந்த மரம் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் அகதி வருகிறார். மார்க் புருனெல் 1769இல் பிரான்சின் நோர்மண்டியில் பிறந்தவர், மன்னர் பக்கம் நின்றவர். புரட்சி முற்றிய 1793இல் நாட்டை விட்டு ஓடி நியூயோர்க் சேர்ந்தார். அவர் பிறகு மணந்துகொண்ட சோஃபியா கிங்டம் அப்போது பிரான்சிலேயே அகப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1799இல் புருனெல் இங்கிலாந்துக்கு வந்தார். கப்பி செய்யும் இயந்திரங்களுக்கான யோசனை அவரிடம் இருந்தது. முதலில் டெய்லர் குடும்பத்திடம்தான் கேட்டார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். பிறகு கடற்படையின் பொறுப்பில் இருந்த சாமுவேல் பெந்தம் அதை ஏற்றுக்கொண்டார். ஹென்றி மௌட்ஸ்லே அந்த இயந்திரங்களை முழுக்க உலோகத்தில் செய்து கொடுத்தார்.

மொத்தம் 45 இயந்திரங்கள், நீராவியின் பலத்தில் ஓடின. ஒன்று மரத்தை அறுக்கும், அடுத்தது துளையிடும், அடுத்தது சில்லுக்கு இடம் குடையும், இன்னொன்று வெளிப்புறத்தை உருட்டும். சில்லின் நடுவே மூன்று இதழ் வடிவில் குடைந்து, அதில் வெண்கலப் புஷ் ஒன்றைப் பொருத்தினார்கள். இரும்பு அச்சு மரத்தில் உராயாமல் அந்த வெண்கலத்தில் சுழன்றது. தேய வேண்டிய இடம் எது என்று முன்பே தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் வேறு பொருள் வைத்தார்கள். என் முதுநிலைப் படிப்பில் தேய்மானம் பற்றி நான் படித்ததன் சாரம் இதுதான்.

1808இல் அந்த ஆலை ஆண்டுக்கு 130,000 கப்பிகளைச் செய்தது. புருனெலுக்கு 17,000 பவுணுக்கு மேல் கிடைத்தது. அது இந்த ஆலையால் ஓர் ஆண்டில் மிச்சமாகும் என்று கணக்கிட்ட தொகை. ஆனாலும் வேறு தொழில்களில் நட்டப்பட்டு 1821இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். ஆலை வேலை நடந்துகொண்டிருந்த 1806இல் போர்ட்ஸ்மத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் இசம்பார்ட். பெரிய பாலங்கள், ரயில்பாதைகள், இரும்புக் கப்பல்கள் கட்டி இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற பொறியியலாளர் ஆனவர் அவரே. நம் பாஷையில் சொன்னால், அகதித் தகப்பனுக்குப் பிறந்த இரண்டாம் தலைமுறைப் பிள்ளை.

110 பேர், 10 பேர்

அக்காலக் கணக்கு ஒன்று இந்த ஆலையைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் வரும். முன்பு 110 கைதேர்ந்த தொழிலாளர் செய்த வேலையை, பயிற்சி குறைந்த 10 பேர் இந்த இயந்திரங்களோடு செய்தார்கள்.

இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அதைத் தாண்டிப் போகவில்லை. நான் லண்டனில் ஐடி ஆலோசகர். நிறுவனங்களில் மனிதர்கள் செய்யும் வேலையை மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. 110ஐ 10 ஆக்கும் அட்டவணையை நானும் தயாரித்திருக்கிறேன். அந்த அட்டவணையில் மிச்சமாகும் பணத்துக்கு ஒரு வரி இருக்கும். 100 பேர் எங்கே போனார்கள் என்பதற்கு வரி இருக்காது. புருனெலின் கணக்கிலும் அப்படித்தான்.

தமிழ்ப் பள்ளிகளில் பேசப் போகும்போது, "அண்ணா, ஏஐ எல்லாத்தையும் செய்யும் என்டால் நாங்கள் என்னத்தைப் படிக்கிறது?" என்று கேட்கிறீர்கள். போர்ட்ஸ்மத் ஆலை முழுப் பதிலைத் தராது, ஆனால் பாதிப் பதிலைத் தருகிறது.

அந்த இயந்திரங்கள் நூறு பேரின் கைத்திறனைத் தேவையற்றதாக்கின. இது உண்மை, இதை மெழுகத் தேவையில்லை. அதே இயந்திரங்களால், ஒரே அளவுச் சில்லுகள் ஒன்றைப் போல ஒன்று வந்தன என்பதும் உண்மை. கரையிலிருந்து மாதக்கணக்கில் தள்ளி இருக்கும் கப்பலில் ஒரு சில்லு வெடித்தால், அச்சைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு வேறொரு சில்லைப் போடலாம். அச்சைத் துடைத்து, கொழுப்புப் பூசி, திரும்பத் தட்டினால் வேலை முடிந்தது. செய்யும் திறமை ஆலைக்குள் போனது. திருத்தும் வேலையோ கப்பலில் இருந்த சாதாரண ஆட்களின் கைக்கு இன்னும் இலகுவானது. கப்பியைத் திறக்க முடிந்ததால்தான் இது நடந்தது. இயந்திரத்தில் செய்தாலும் கையால் செய்தாலும், திறக்க முடியாத கூடாக இருந்திருந்தால் நடந்திராது.

ஆகவே நான் சொல்லும் பாதிப் பதில் இது: எதைப் படித்தாலும், உங்கள் கையில் இருக்கும் பொருள் எப்படித் திறக்கிறது, எங்கே தேய்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். செய்வதை இயந்திரம் எடுத்துக்கொண்ட இடங்களிலும் இந்த வேலை மனிதரிடம் மிஞ்சியிருக்கிறது.

பிளாஸ்டிக் குண்டுகளும் ரிவெட்டுகளும்

மரக் கப்பியின் காலம் மெல்லப் போனது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் பீட்டர் ஹார்கன் சில்லுக்கும் அச்சுக்கும் நடுவே சின்னப் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்தார். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம், விரலால் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும். பந்தயப் படகுகள் உடனே அதற்கு மாறின.

கிட்டத்தட்ட அதே தலைமுறையில் மடிப்பு ட்ரைமரனும் வந்தது. நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபாரியர் 1970களில், மிதவைகளைத் தாங்கும் கைகளை இணைப்புத் தண்டுகளில் பூட்டி, படகு தண்ணீரில் இருக்கும்போதே உள்ளே மடிக்கும் முறையை உருவாக்கினார். கலிபோர்னியாவில் 1985இல் வெளிவந்த அவருடைய எஃப்-27 விரிந்தால் ஏறக்குறைய 5.8 மீட்டர் அகலம். மடித்தால் 2.6 மீட்டர். காரின் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு போகலாம். கடலிலிருந்து வந்ததும் பிரித்து, சுருக்கி, கரையேற்றலாம். கட்டுமரக்காரர்களுக்கு இது புதிய யோசனையாகத் தெரிந்திராது.

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து இப்படிப்பட்ட பழைய படகு ஒன்றைத் தென்கரையில் பராமரிக்கிறோம். போன குளிர்காலத்தில் கப்பிகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு மேசையில் அடுக்கினோம். நான்கு சுற்றவில்லை.

இறுகிய கப்பிக்கு முதல் மருந்து எண்ணெய் இல்லை. எண்ணெய் மணலையும் தூசியையும் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக மாறும். முதல் மருந்து வெறும் இளஞ்சூட்டு நல்ல தண்ணீர். இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் உப்புப் படிகம், அது கரையும். ஓர் இரவு ஊறவைத்து, சில்லைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, மறுபடி கழுவ வேண்டும். இரண்டு கப்பிகள் இப்படியே உயிர்பெற்றன.

மூன்றாவதில் அலுமினியமும் துருப்பிடியா எஃகும் ஒன்றையொன்று தொட்டிருந்தன. உப்புத் தண்ணீரில் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும், அதில் அலுமினியம் கரையும். அப்போது உண்டாகும் வெள்ளை ஒட்சைட்டுப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் சில்லை நெரித்துப் பிடித்திருந்தது. நல்ல வேளையாக அது திருகாணி போட்ட கப்பி. ஒரு தட்டில் துணி விரித்து அதற்கு மேல்தான் திறந்தோம், குண்டுகள் உருண்டு ஓடிவிடும். பொடியைச் சுரண்டி, தட்டையாகிவிட்ட குண்டுகளை மாற்றி, திரும்பப் பூட்டினோம்.

நான்காவது ரிவெட் அடித்தது. பக்கத் தகடு இரண்டையும் நிரந்தரமாக நெரித்து மூடியிருந்தது. கடைக்காரர், "இதைத் திருத்த ஏலாது, புதுசு வாங்குங்கோ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ரிவெட் போட்டால் கப்பி இலேசாகவும் மலிவாகவும் இருக்கும், கடலில் திருகாணி கழன்று விழாது. ஆனாலும் நாங்கள் ரிவெட்டை துளைபோட்டு எடுத்தோம். உள்ளே அச்சுத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது, பக்கத் தகட்டில் மயிரளவு வெடிப்பும் தெரிந்தது. வெடித்த கப்பியைத் திருத்தக் கூடாது, அதை எறிந்துவிட்டோம். அதில் நல்லபடி இருந்த சில்லை மட்டும் எடுத்து, தேய்ந்த சில்லு இருந்த அதே வகைக் கப்பி ஒன்றுக்குப் போட்டோம். அந்தக் கப்பியை எஃகு போல்ட்டும் கழலாத நட்டும் போட்டு மூடினோம். பெரிய பாயின் கயிற்றுக்கு அதை வைக்கவில்லை. அதிகப் பாரம் வராத ஒரு சின்னக் கயிற்றுக்குப் போட்டோம். அங்கே புதுக் கப்பி, திருகாணி போட்டதாகப் பார்த்து வாங்கியது.

வாங்கும்போது நாங்கள் கேட்ட கேள்வியை நீங்களும் எந்தக் கடையிலும் கேட்கலாம், அது ஃபோனாக இருந்தாலும் சைக்கிளாக இருந்தாலும்: "இதைத் திறக்க ஏலுமா? உள்ளுக்கு இருக்கிற சாமான் தனியா வாங்கலாமா?" கேட்பவர்கள் கூடினால் செய்பவர்களும் யோசிப்பார்கள்.

லண்டனில் இருப்பவர்கள் சயன்ஸ் மியூசியத்துக்குப் போனால், போர்ட்ஸ்மத் ஆலையின் இயந்திரங்களில் சிலவற்றைப் பார்க்கலாம். அவற்றில் சில, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வேலை செய்தவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, இது கப்பியின் எந்தப் பகுதியைச் செய்தது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள்: ஊர்க் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் என்ன செய்வீர்கள்? யார் கழற்றுவார்கள்? எதைப் பூசுவார்கள்? கரையோர ஊர்க்காரராக இருந்தால், கட்டுமரத்தை எந்த முடிச்சில் கட்டினார்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிச்சைக் கையால் போட்டும் பழகுங்கள். எனக்கும் அனுப்பினால் அடுத்த குளிர்காலத்தில் எங்கள் படகில் அந்த முடிச்சைப் போட்டுப் பார்ப்பேன்.